நாற்பத்தொன்பதாம் நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாணப் பந்தியிலோ ஆஸ்பத்திரி பெஞ்சிலோ சேர்ந்து உட்கார்ந்தால் போதும், பேச்சு எப்படியும் அந்த இடத்துக்கு வந்துவிடும். "எங்க அப்பாரு சாகுற வரைக்கும் பீடி குடிச்சாரு. தொண்ணூறு வயசு இருந்தாரு. ஒரு ஊசி போட்டதில்ல" என்று யாராவது ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பல வருடம் ஆட்டியிருக்கிறேன். இனிமேல் உங்கள் தொண்ணூறு வயது அப்பாக்களைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள். என் அப்பா நாற்பத்தைந்தைப் பார்க்கவில்லை. அவரைக் கொன்றதில் பீடிக்குப் பாதிப் பங்கு. மீதிப் பங்கு யாருக்கு என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

செண்பகனூரில் எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, படி இறங்கிப் போகிற வரிசையில் மூன்றாவது. அப்பா மூட்டை தூக்குகிறவர். பள்ளத்துத் தோட்டங்களில் பிடுங்கிக் கழுவிக் கட்டிய கேரட்டு மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, மேலே ரோட்டில் நிற்கும் லாரிக்கு வர வேண்டும். அவரிடம் ஒரு காக்கி ஸ்வெட்டர் இருந்தது, யாரோ பங்களாக்காரர்கள் போட்டுக் கழித்தது. நெஞ்சுப் பக்கம் முழுக்கப் பீடி நெருப்பு விழுந்து பொத்தல். அம்மா கையில் கிடைத்த நூலில் எல்லாம் அடைத்திருந்தாள், பச்சை ஒரு இடம், சிவப்பு ஒரு இடம். நான் அந்த ஸ்வெட்டரில் மூக்கை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். பீடி, ஈர மண், வேர்வை எல்லாம் சேர்ந்த வாடை. எனக்கு அதுதான் அப்பா.

பீடி பற்ற வைத்துக் கொடுப்பது என் வேலை. அப்பா பீடியை நீட்டுவார். நான் அடுப்படிக்கு ஓடி, கங்கில் நுனியை வைத்து, அணைந்துவிடாமல் ஒரு இழுப்பு இழுத்துக் கொண்டுவந்து கொடுப்பேன். எனக்கு ஒன்பது வயது. வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் இதைச் செய்தோம். யாரும் தப்பாக நினைக்கவில்லை. "எம்மக பத்த வெச்சாத்தான் ஒழுங்கா எரியும்" என்று அப்பா சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது.

விடியும்போது அப்பா இருமுவார். படுக்கையில் ஆரம்பித்து, வாசலில் வளர்ந்து, ரோட்டுப் படியில் உட்கார்ந்து முடியும். மேலே டீக்கடைக்காரருக்கு அதுதான் கடிகாரம். இருமல் கேட்டதும் பாலை அடுப்பில் ஏற்றுவார். "உங்கப்பா எந்திரிச்சாத்தான் ஊருக்கு டீ" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரு மனுஷனுடைய நெஞ்சு கிழிவதை ஒரு தெருவே மணி பார்க்கப் பயன்படுத்திக்கொண்டது. அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் கார்த்திகை நடுவில், பாதிப் படியில் அப்பா மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் நின்று, "என்னண்ணே, பஸ்ஸுக்கா காத்திருக்கீங்க" என்று கேலி செய்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். மூச்சு வரவில்லை. டவுனில் ஒரு டாக்டரிடம் அம்மா கூட்டிக்கொண்டு போனாள், நானும் போனேன். அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பீடிய விட்ருங்க, இல்லேன்னா ரொம்ப நாள் இல்ல" என்றார். எப்படி விடுவது என்று அப்பா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேஜையில் அவருடைய சிகரெட் டப்பா இருந்தது.

அப்பா அன்றே விட்டார். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் கஞ்சி ஆறிப்போயிற்று என்று சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அதுவரை எங்களை அதட்டிக்கூடப் பேசாதவர். அம்மா சிதறியதை வாரிக்கொண்டே, "அதக் குடிச்சே தொலைங்க. எங்க உசிர எடுக்காதீங்க" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு பீடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பெரியப்பாதான் வழி சொன்னார். அப்பாவின் அண்ணன், பக்கத்து வீடு. அவரும் பீடிதான், ஆனால் வருடா வருடம் தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போகிறவர்.

"ஏலே, மாலையப் போடு. நாப்பத்தெட்டு நாளு பீடி நெனப்பே வராது. அவன் பாத்துக்கிருவான்."

அப்பா மாலை போட்டார். துளசிமணி மாலை, நடுவில் வேல் பொறித்த சின்ன டாலர். அன்று முதல் அவர் எங்களுக்கு அப்பா இல்லை, சாமி. அம்மாவும் "சாமி, சாப்புட வாங்க" என்பாள். லாரிக்காரர்கள் சாமி என்றார்கள். ஏலே போட்டுப் பேசுகிற பெரியப்பாவே சாமி என்றார்.

இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. டீக்கடை வாசலில் பீடி பற்ற வைக்க ஒரு கயிறு தொங்கும், நுனியில் கங்கு புகைந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்பா படியேறி வருவதைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் உள்ளே குரல் கொடுப்பார்: "சாமி வர்றாரு, கயித்த அந்தப் பக்கம் மாத்துங்க." கூட மூட்டை தூக்குகிறவர்கள் லாரிக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார்கள். அப்பாவின் கை பீடியைத் தேடி மடியைத் துழாவும்போது அம்மா ஒன்றும் கேட்காமல் சுக்குக் காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள். மடியில் எப்போதும் நெல்லிக்காய் வற்றல். யாரும் யாரிடமும் இப்படிச் செய் என்று சொல்லவில்லை. மாலை போட்டவருக்கு ஊர் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

முப்பது நாள் கழிந்திருக்கும். ஒரு காலையில் டீக்கடைக்காரர் படியிறங்கி வீட்டுக்கே வந்துவிட்டார். "சாமிக்கு உடம்பு முடியலயா? இருமல் சத்தமே கேக்கல. தூங்கிட்டேன், பாலு வெக்க நேரமாயிருச்சு." அப்பா வாசலில் நின்று, வேண்டுமென்றே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார். உறைபனியில் அந்த மூச்சு வெள்ளையாக வந்தது. "பொக இல்லண்ணே, மூச்சு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

நான்காவது ஆள் சிரிக்கவில்லை. அவள் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். மாலை போட்டவருக்குச் சமைக்கிறவள் விடியுமுன் தலைக்குக் குளிக்க வேண்டும். புல் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும் மார்கழியில், பச்சைத் தண்ணீரில். விறகை மிச்சம் பிடிக்க வெந்நீர் கிடையாது. குளித்துவிட்டுத் தனிப் பாத்திரத்தில் பொங்கி, தனி இலை போட்டு, அதற்குப் பிறகு தோட்ட வேலைக்கு ஓடுவாள். அம்மாவின் விரல்கள் வெடித்து, கேரட்டுக் கழுவும்போது ரத்தம் வந்தது. சாமிக்கு ஊரே துணை நின்றது. அம்மாவுக்கு ஒருவரும் நிற்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் கவலையெல்லாம் அலசிக் காயப்போட்ட ஸ்வெட்டரில் அப்பா வாடை இல்லையே என்பதுதான். அவர் தனிப்பாயில் படுத்தார். நான் வாடை போன ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடந்தேன்.

தைப்பூசத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அம்மா வேலைக்குப் போக வேண்டும் என்று நின்றுவிட்டாள். வில்பட்டி தாண்டிப் பழைய காட்டுப்பாதையில் பன்னிரண்டு சாமிகளும் நானும் இறங்கினோம். இறங்க இறங்கக் குளிர் விட்டு, அடிவாரத்தில் வெயில் உறைத்தது. ஆயக்குடிக் கொய்யாவைக் கூடை கூடையாக வைத்திருந்தார்கள். அப்பா ஒன்று வாங்கிக் கொடுத்து, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைப்படி ஏறினார். மண்டபத்துக்கு மண்டபம் பெரியப்பா உட்கார்ந்தார். அப்பா உட்காரவில்லை. அவருடைய நெஞ்சு என் காலுக்கு நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஒரே சீராக. பாதியில் திரும்பிப் பார்த்து, "தாயி, கீழ பாரு, எம்புட்டு வந்துட்டோம்" என்றார். பேசிக்கொண்டே ஏறினார். அதற்கு முன் நான்கு படிக்கு மேல் அவர் பேசிக்கொண்டு ஏறி நான் கண்டதில்லை.

கும்பிட்டு இறங்கியதும், அடிவாரத்தில் ஒரு மரத்தடியில் குருசாமி ஒவ்வொருவருடைய மாலையாகக் கழற்றினார். கழற்றியவர்கள் நேராகப் பெட்டிக்கடைக்குப் போனார்கள். பெரியப்பாதான் முதல். நாற்பத்தெட்டு நாள் தேக்கி வைத்ததை எல்லாரும் ஒரே நேரத்தில் ஊதினார்கள். அப்பா கடைசியாகப் போய்க் குருசாமியிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது கழுத்துலயே கெடக்கட்டுமா சாமி?"

"கெடக்கலாம். ஆனா வெரதம் வெரதமா இருக்கணும். பிசகுனா பொல்லாப்பு. வீட்டுல கேட்டுக்கங்க."

அப்பா மாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். என்னிடம், "அம்மாகிட்ட நான் பதனமாச் சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காத" என்றார்.

வீட்டில் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். விரதம் முடிந்து வருகிறவருக்கு அதுதான் வரவேற்பு. அப்பா தட்டைத் தொடவில்லை.

"வகுறு சரியில்ல புள்ள."

எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். மாலை போனால் பழைய அப்பா வருவார், பக்கத்தில் படுப்பார், வாடை திரும்பும். அவ்வளவுதான். "வகுறெல்லாம் இல்லம்மா. மாலை ஸ்வெட்டருக்குள்ள இருக்கு" என்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. போன வருடம் பெருமாள்மலைக்காரர் ஒருவர் மாலை போட்டுப் போனவர், இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு அடிவாரத்திலேயே காவியும் திருவோடுமாக உட்கார்ந்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. பெரியப்பா சத்தம் கேட்டு வந்து, "பண்டாரமாப் போகப் போறியாலே? பொண்டாட்டி புள்ளைய யாரு பாப்பா?" என்று எண்ணெய் ஊற்றினார். அவருக்கு வேறு எரிச்சலும் இருந்தது. மண்டபத்துக்கு மண்டபம் தான் உட்கார்ந்ததும் தம்பி உட்காராததும்.

மூன்று நாள் அம்மா அப்பாவிடம் பேசவில்லை. நான்காம் நாள் காலையில் படியேறிப் போனாள். பெண்கள் பீடி வாங்குகிற வழக்கம் கிடையாது. டீக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்டாராம். "எம் புருசனுக்கு" என்று சொல்லி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்து, கஞ்சித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு மனுசன் வேணும். சாமி வேணாம்."

அப்பா கட்டைத் தொடாமல் பேசினார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "நான் எங்கயும் போகல புள்ள. இது சாமிக்கில்ல, மூச்சுக்கு. தனியா விட்டுப் பாத்தேன்ல, சட்டிய ஒடச்சேன். இது கழுத்துல கெடந்தா எல்லாரும் ஒதுங்கி வழி விடுறாங்க. கயித்தக்கூட மாத்தி வைக்கிறாங்க. கழட்டிட்டா நான் மட்டுந்தான். என்னால ஒத்தையில முடியாது."

அம்மா இரண்டு கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டினாள். விரல் நுனிகளெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தன.

"நானும் ஒத்தையிலதான் குளிச்சேன். இன்னும் எத்தன நாளைக்கி?"

அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர் போட்டுக் குளி என்று சொல்லியிருக்கலாம். மாலை கெடக்கட்டும், தனிச் சமையல் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குருசாமியிடம் அம்மாவைக் கூட்டிப் போயிருக்கலாம். இதெல்லாம் எனக்கு இந்த வயதில் தோன்றுகிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, மூன்றாவது மனிதர் யாரும் சொல்லவும் இல்லை. இருந்தால் முழு விரதம், இல்லாவிட்டால் பீடி. நடுவில் ஒரு வழி இருக்கும் என்பதே எங்கள் ஊருக்குத் தெரியாது.

அப்பா மாலையைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். கட்டைப் பிரித்து ஒரு பீடியை எடுத்தார். கை பழக்கத்தில் என் பக்கம் நீண்டது.

நான் ஓடினேன். கங்கில் வைத்தேன், ஒரு இழுப்பு இழுத்தேன், கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா சிரித்தாள். அவளுக்குப் புருஷன் திரும்பி வந்துவிட்டான். எனக்கு வாடை திரும்பி வந்துவிட்டது. அப்பா முதல் புகையில் இருமிய இருமலில் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

ஒரு வாரத்தில் டீக்கடைக்காரர் சரியான நேரத்துக்குப் பாலை ஏற்ற ஆரம்பித்தார். கயிறு பழைய இடத்துக்கு வந்தது. சாமி போய், ஏலே வந்தது.

இரண்டு குளிர்காலம் தாண்டியது. மூன்றாவதில் அப்பாவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடி, ஒரு மத்தியானம் அப்படியே முடிந்துபோனார். எடுக்க வந்தவர்கள், "மாலையோட வெளையாடுனாரு, சாமி குத்தம்" என்று பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னவர்கள் வாயில் பீடி இருந்தது. ஆணியில் தொங்கிய மாலையைச் சண்முக நதியில் போடச் சொல்லி, பழனிக்குப் போகிற யாரிடமோ அம்மா கொடுத்தனுப்பினாள். சாமி குத்தம் என்றே சாகிற வரை அவளும் நம்பினாள். கட்டு வாங்கியதைப் பற்றி அவள் பேசியதில்லை. பற்ற வைத்ததைப் பற்றி நானும் பேசவில்லை. அவளை மன்னிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. என் பங்கை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். என் மகன் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறான். பீடி இல்லை, சிகரெட். போன மாதம் வாசல் படியில் அவன் உட்கார்ந்து இருமியதைக் கேட்டேன். அதே இருமல். பெரிய ஆஸ்பத்திரியில் புகைப்பதை விட நினைக்கிறவர்களுக்கென்று ஒரு அறை இருக்கிறது என்று கேள்விப்பட்டு இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு சின்னப் பெண், நர்ஸ், உட்கார வைத்துப் பேசினாள். விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் வேன் ஸ்டாண்டிலும் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், முன்னால் குடிக்க வேண்டாம் என்று கூட்டாளிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், தீப்பெட்டி லைட்டரை எடுத்துவிடுங்கள், ஆசை வந்தால் எதையாவது மெல்லுங்கள், கொஞ்ச நேரம் தாண்டினால் அடங்கும் என்றாள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, டாக்டர் பார்த்துத் தருவார் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் முறைத்தான். அவள் சொன்ன பாதியை ஒரு டீக்கடைக்காரரும் கூட மூட்டை தூக்கினவர்களும் படிக்காமலே செய்தார்கள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஆனால் அவள் கடைசியாகச் சொன்ன இரண்டும் எங்கள் தெருவுக்குத் தெரியாதவை.

"நடுவுல ஒண்ணு குடிச்சிட்டா எல்லாம் போச்சுன்னு விட்ராதீங்க, மறுநாளே வாங்க. இன்னொண்ணு, இது இத்தன நாள்ல முடிஞ்சிரும்னு கணக்கு இல்ல. நாங்க போன் பண்ணிக்கிட்டே இருப்போம்." பிறகு கேட்டாள்: "வீட்ல துணைக்கு யாரு இருக்கீங்க?"

மகன் யோசிக்காமல் என்னைக் காட்டினான். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? என்னைப் போல ஒரு துணையை எங்கே தேடினாலும் கிடைக்காது.

அவன் சிகரெட்டை விட்ட பதினோராம் நாள் வந்தது. காலையிலிருந்தே அவன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டிருந்தான். தட்டு ஒன்று பறந்தது. நான் வாரிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த ஒற்றைச் சிகரெட்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான். தீப்பெட்டியையெல்லாம் நான் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணும்மா. அடுப்புல பத்த வெச்சுக் குடு." கையை நீட்டினான்.

பால் காய்ந்துகொண்டிருந்தது. நான் கேஸை அணைத்தேன். சிலிண்டரையும் மூடினேன். அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

"உங்க தாத்தனுக்கு நாந்தான் பத்த வெச்சுக் குடுத்தேன். விட்டவருக்கு, நாந்தான் மறுபடியும் பத்த வெச்சுக் குடுத்தேன்."

அவன் நின்றுகொண்டே முழுவதையும் கேட்டான். பிறகு எதிரில் உட்கார்ந்தான். சிகரெட்டைத் திரும்பத் திரும்ப உருட்டி, உதிர்த்து, தூளைத் தரையில் குவித்தான். "இன்னிக்கி எத்தனாவது நாளு?" என்றான். "பதினொண்ணு" என்றேன். "சுக்குக் காப்பி இருக்கா?" என்றான். பக்கத்து வீட்டில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

இன்று முப்பத்தி நாலு. ஸ்டாண்டில் எல்லாரும் நாற்பத்தெட்டு முடியட்டும், ஒரு விருந்து வைத்துவிடலாம் என்கிறார்களாம். ஒரு மண்டலம் தாண்டிவிட்டால் கண்டம் தாண்டிய மாதிரிதான் என்று நீங்களும் வந்து சொல்வீர்கள். தயவுசெய்து வராதீர்கள். எனக்குப் பயமே அதற்கு மறுநாள்தான். நர்ஸுப் பெண்ணிடம் அன்றைக்குக் காலையிலேயே போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பசிக்கிறவர்கள் கடையில் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.